குறைந்தும் நிறையும் குவியல்

பாட அறிமுகம்

கலைக்கூடத்தில் உள்ள பொருள்களைத் தொடுதல் கூடாது என்பது எங்கும் உள்ள வழக்கம். ஓவியத்தின் முன் கயிறு கட்டப்பட்டிருக்கும். சிற்பத்தின் அருகே காவலர் நிற்பார். இவ்வழக்கத்துக்கு மாறாக, காண வந்தவர் கையில் எடுத்துச் செல்வதற்கென்றே படைப்புகளை ஆக்கிய கலைஞர் ஒருவர் இருந்தார். அவர் கியூபாவில் பிறந்த பெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ். அவருடைய வாழ்வையும், எளிய பொருள்களைக் கொண்டு அவர் ஆக்கிய கலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1. மூலையில் ஒரு மிட்டாய்க் குவியல்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ள கலை நிறுவனத்தின் தொகுப்பில் ஒரு படைப்பு உண்டு. அது காட்சிக்கு வைக்கப்படும்போது, பளபளக்கும் வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்கள் அறையின் மூலையில் குவிக்கப்பட்டிருக்கும். அக்குவியலுக்குக் குறிக்கப்பட்ட எடை 175 பவுண்டு. ஏறத்தாழ 79 கிலோகிராம். வருவோர் அதிலிருந்து மிட்டாய் எடுத்துக்கொள்ளலாம். தாளைப் பிரித்து அங்கேயே உண்ணவும் செய்யலாம்.

ஒருவர் ஒன்று எடுத்தால் குவியல் குறைந்தது புலப்படாது. நூறு பேர் எடுத்தபின் அதன் வடிவம் மாறிவிடும். நாள்கள் செல்லச் செல்ல உயரம் தாழும், பரப்பு சுருங்கும். பின்னர் கூடத்தைப் பேணுவோர் புதிய மிட்டாய்களைக் கொணர்ந்து குவியலை மீண்டும் நிறைக்கலாம். மிட்டாய்கள் முன்பிருந்தவை அல்ல. ஆயினும் படைப்பு அதுவே.

1991-ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட இப்படைப்பின் பெயர் 'தலைப்பில்லாதது' என்பதாகும். அதன் அருகே அடைப்புக்குறிக்குள் 'லாஸ் ஏஞ்சலிஸில் ராஸின் உருவப்படம்' என்னும் தொடர் உள்ளது. உருவப்படம் என்று சொல்லப்பட்டாலும் அங்கே முகம் இல்லை, கண் இல்லை, கோடுகூட இல்லை. மிட்டாய்க் குவியல் ஒன்று எவ்வாறு ஒரு மனிதரின் உருவப்படம் ஆகும்? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் அக்கலையின் இயல்பையும், பின்னர் அக்கலைஞரின் வாழ்வையும் அறிதல் வேண்டும்.

2. கருத்துருக்கலை

ஓர் ஓவியத்தைக் காணும்போது வண்ணத்தின் அழகையும் தூரிகையின் திறத்தையும் வியக்கிறோம். அங்கே கைவினையே முன்னிற்கிறது. 1960-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில கலைஞர்கள் வேறொரு வழியில் சென்றனர். ஒரு படைப்புக்கு அடிப்படையான எண்ணமே முதன்மையானது என்றும், அதனைத் தாங்கும் பொருள் எதுவாகவும் இருக்கலாம் என்றும் அவர்கள் கருதினர். இவ்வாறு பிறந்ததே கருத்துருக்கலை.

ஜோசப் கொசூத் என்னும் கலைஞர் 1965-இல் ஆக்கிய படைப்பு இதற்குத் தக்க சான்றாகும். அவர் ஒரு நாற்காலியையும், அந்நாற்காலியின் ஒளிப்படத்தையும், 'நாற்காலி' என்னும் சொல்லுக்கு அகராதி தரும் பொருளையும் அருகருகே வைத்தார். இம்மூன்றனுள் எது நாற்காலி என்று காண்பவர் எண்ணத் தொடங்கும்போது அப்படைப்பு தன் பணியைச் செய்துவிடுகிறது.

இத்தகைய படைப்பை வாங்குவோர் பெறுவது பெரும்பாலும் ஒரு சான்றிதழும், அப்படைப்பை எவ்வாறு அமைக்கலாம் என்னும் குறிப்பும் ஆகும். இசைக்குறிப்பைக் கொண்டு எத்தனையோ கலைஞர் ஒரே பாடலை மீண்டும் மீண்டும் இசைப்பதைப் போல, அக்குறிப்பைக் கொண்டு படைப்பை வெவ்வேறு ஊர்களில் புதிதாக அமைக்கலாம். பெலிக்ஸ் இம்மரபில் வந்தவர். ஆனால் அறிவுக்கு மட்டும் உரியது என்று பலரும் கருதிய கருத்துருக்கலையில் அன்பையும் இழப்பையும் இடம்பெறச் செய்தவர் அவர்.

3. பிறப்பும் பிரிவும்

பெலிக்ஸ் 1957-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கியூபாவின் குவைமாரோ என்னும் ஊரில் பிறந்தார். அடுத்த ஈராண்டுக்குள் அந்நாட்டில் புரட்சி வென்று ஆட்சி மாறியது. அதன்பின் பல குடும்பங்கள் பிள்ளைகளை அயல்நாடுகளுக்கு அனுப்பின. 1971-இல் பெலிக்ஸும் அவருடைய சகோதரியும் பெற்றோரைப் பிரிந்து ஸ்பெயின் நாட்டின் மாட்ரிட் நகருக்கு அனுப்பப்பட்டனர். அப்போது அவர் பதின்மூன்று வயதளவினர். அதே ஆண்டில் இருவரும் புவெர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த உறவினரிடம் சென்று சேர்ந்தனர். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1979-இல் கியூபாவுக்குச் சென்றபோதுதான் பெலிக்ஸ் தம் பெற்றோரை மீண்டும் கண்டார்.

புவெர்ட்டோ ரிக்கோவில் கலை பயின்ற அவர், 1979-இல் நியூயார்க் நகரில் குடியேறினார். பிராட் கல்வி நிறுவனத்தில் ஒளிப்படக்கலை பயின்று 1983-இல் பட்டம் பெற்றார். 1987-இல் பன்னாட்டு ஒளிப்பட மையமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய முதுகலைப் படிப்பை முடித்தார். அதே ஆண்டில் 'குரூப் மெட்டீரியல்' என்னும் கலைஞர் குழுவில் சேர்ந்தார். சமூகச் சிக்கல்களைக் காட்சிகளாக்கிப் பொதுமக்கள் முன் வைப்பது அக்குழுவின் பணி. எய்ட்ஸ் நோய் பரவிய வரலாற்றையும், அரசும் சமூகமும் அதனை எதிர்கொண்ட விதத்தையும் காலவரிசையில் காட்டும் காட்சி ஒன்றை அக்குழு 1989-இல் பெர்க்லியில் அமைத்தது.

4. எடுத்துச் செல்லும் தாள்கள்

இக்காலத்தில் பெலிக்ஸ் ஒரு புதிய வடிவத்தைக் கண்டார். அச்சிட்ட தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தரையில் வைத்தார். தொலைவிலிருந்து காண்பவர்க்கு அவ்வடுக்கு ஒரு கற்பாளம் போலத் தோன்றும். அருகில் சென்றபின்னரே, அது தாள்களால் ஆனது என்பதும், ஒரு தாளை எடுத்துச் செல்லலாம் என்பதும் தெரியும்.

1990-இல் அவர் அமைத்த ஓர் அடுக்கின் பெயர் 'துப்பாக்கியால் இறப்பு' என்னும் அடைப்புக்குறித் தொடரைக் கொண்டது. 1989-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் தொடங்கி ஏழு நாள்களில் அமெரிக்காவில் துப்பாக்கியால் உயிரிழந்த 460 பேரைப் பற்றிய விவரம் அத்தாளில் அச்சிடப்பட்டிருந்தது. இறந்தோரின் பெயர்களும், வயதும், இறந்த விதமும், முகங்களும் ஒரே தாளில் நெருங்கி நின்றன. செய்தி இதழில் கண்டு புரட்டிவிட்டுச் செல்லும் பக்கத்தை இங்கே ஒருவர் கையால் எடுத்துச் சுருட்டித் தம் இல்லத்துக்குக் கொண்டு செல்கிறார். அதனைச் சுவரில் ஒட்டுவதா, மடித்து வைப்பதா, எறிவதா என்பதை இனி அவரே முடிவு செய்தல் வேண்டும். படைப்பின் ஒரு பகுதிக்கு அவர் பொறுப்பாளர் ஆகிவிடுகிறார்.

அடுக்கு குறைந்தால் மீண்டும் அச்சிட்டு நிறைக்கலாம். ஆகவே, அப்படைப்பு ஓரிடத்தில் இருந்துகொண்டே ஆயிரம் இல்லங்களிலும் இருக்க முடிந்தது.

5. இரண்டு கடிகாரங்கள்

பெலிக்ஸின் வாழ்க்கைத் துணைவர் ராஸ் லேகாக். கனடா நாட்டினரான அவரைப் பெலிக்ஸ் 1983-இல் சந்தித்தார். ஆண்கள் இருவர் இணைந்து வாழ்வதை அக்காலச் சமூகத்தில் பலர் ஏற்கவில்லை. அதனோடு மற்றொரு துன்பமும் சேர்ந்தது. ராஸ் எய்ட்ஸ் நோய்க்கு ஆளானார்.

1981-இல் அமெரிக்காவில் முதன்முதலாக அறியப்பட்ட அந்நோய்க்கு அக்காலத்தில் பயனுள்ள மருத்துவம் இல்லை. நோயாளரைத் தொடவும் மக்கள் அஞ்சினர். பணியிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் பலர் வெளியேற்றப்பட்டனர். நோய் உடலை வருத்தியது. புறக்கணிப்பு உள்ளத்தை வருத்தியது.

இக்காலத்தில் பெலிக்ஸ் ஆக்கிய படைப்பே 'நிறைவான காதலர்' என்னும் அடைப்புக்குறித் தொடரைக் கொண்டது. அலுவலகங்களில் காணப்படும் எளிய வட்டக் கடிகாரங்கள் இரண்டை அவர் ஒன்றையொன்று தொடுமாறு சுவரில் மாட்டினார். தொடக்கத்தில் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுமாறு முள்கள் திருப்பி வைக்கப்பட்டன. நொடி முள்கள் இரண்டும் இணைந்து நகர்ந்தன. மின்கலத்தால் இயங்கும் எந்த இரு கடிகாரங்களும் என்றென்றும் ஒத்து ஓடுவதில்லை. காலம் செல்லச் செல்ல ஒன்று சற்றே பின்தங்கும். ஒருநாள் ஒன்று முதலில் நின்றுவிடும். அவ்வாறு நின்றால் மின்கலத்தை மாற்றி இரண்டையும் மீண்டும் ஒரே நேரத்துக்குத் திருப்பி வைக்கலாம்.

கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம். மனித உயிரை அவ்வாறு திருப்ப இயலாது. இவ்வுண்மையைப் படைப்பில் எங்கும் அவர் எழுதி வைக்கவில்லை. அருகருகே ஓடும் இரு முள்களைச் சற்று நேரம் நின்று பார்ப்பவர் அதனைத் தாமே உணர்ந்துகொள்வார்.

6. இழப்பும் ஒத்திகையும்

1991-ஆம் ஆண்டில் ராஸ் இறந்தார். அடுத்த சில வாரங்களில் பெலிக்ஸின் தந்தையும் மறைந்தார். மிட்டாய்க் குவியலால் ஆன ராஸின் உருவப்படம் அவ்வாண்டில் ஆக்கப்பட்டதே. குறிக்கப்பட்ட 175 பவுண்டு என்பது நலமாக இருந்தபோது ராஸின் உடல் எடை என்று பலரும் பொருள் கொள்கின்றனர். நோயால் ஓர் உடல் நாள்தோறும் மெலிவதைப் போலவே குவியலும் ஒவ்வொரு மிட்டாயாகக் குறைகிறது.

ஆனால் இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு. நோய் உடலைப் பறித்துச் சென்றது. குவியலைக் குறைப்போரோ இனிமையைப் பெற்றுச் செல்கின்றனர். நோயாளர் தொட்ட குவளையைத் தொடவும் மக்கள் அஞ்சிய காலத்தில், ராஸின் பெயர் தாங்கிய இனிப்பை முன்பின் அறியாதவர் தம் நாவில் இட்டுச் சுவைத்தனர். அச்சத்தால் விலகி நின்றோரை இவ்வாறு அருகே வரச்செய்தது அக்குவியல்.

நிலையான வடிவம் கொண்ட சிற்பத்தை ஏன் செய்யவில்லை என்பதற்கு அவரே ஒரு நேர்காணலில் விளக்கம் தந்துள்ளார். ராஸ் தம் கண்முன்னே நாள்தோறும் மறைந்துவருவதைக் காணும் அச்சத்துக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ளும் ஒத்திகையாகவே மறைந்துபோகும் படைப்புகளை ஆக்கியதாக அவர் கூறினார். தாம் போற்றும் ஒன்றைத் தாமே பிறர் கையில் கொடுத்துக் கொடுத்து, இழக்கும் துயரைத் தாங்க அவர் கற்றார்.

1992-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் காட்சியின் ஒரு பகுதியாக, அவருடைய ஒளிப்படம் ஒன்று நகரத்தின் 24 இடங்களில் பெரிய விளம்பரப் பலகைகளில் வைக்கப்பட்டது. அப்படத்தில் ஒரு வெண்ணிறப் படுக்கை மட்டும் இருந்தது. கசங்கிய விரிப்பும், தலை அழுந்திய தடம் மாறாத இரு தலையணைகளும் அதில் காணப்பட்டன. விற்பனைப் பொருளின் பெயரோ விளக்கமோ எதுவும் இல்லை. தெருவில் நடந்து செல்வோர் ஒவ்வொருவரும் அவ்வெற்றுப் படுக்கையில் தாம் பிரிந்த ஒருவரை நினைத்துக்கொள்ள இடம் இருந்தது.

7. தலைப்பில்லாதது

பெலிக்ஸ் தம் படைப்புகளுக்குப் பெரும்பாலும் 'தலைப்பில்லாதது' என்றே பெயரிட்டார். அதன்பின் அடைப்புக்குறிக்குள் சில சொற்களைச் சேர்த்தார். தலைப்பில்லாதது என்னும் சொல், காண்பவர் தம் பொருளைத் தாமே காணலாம் என்று இடம் விடுகிறது. அடைப்புக்குறிக்குள் உள்ள சொற்களோ, இப்படைப்பு ஒரு குறிப்பிட்ட மனிதரின் நினைவிலிருந்து பிறந்தது என்பதை மெல்லிய குரலில் தெரிவிக்கின்றன. பொதுமையும் தனிமையும் இவ்வாறு ஒரே பெயரில் சேர்ந்து நிற்கின்றன.

இவ்விரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் நேர்வது யாது என்பதைப் பின்னாளில் நிகழ்ந்த ஒன்று காட்டியது. 2022-இல் சிகாகோ கலை நிறுவனம் மிட்டாய்க் குவியலின் அருகே வைத்திருந்த விளக்கக் குறிப்பில் ராஸைப் பற்றியும் எய்ட்ஸ் நோயைப் பற்றியும் சொல்லப்படாமல் போயிற்று. அதனைக் கண்ட பார்வையாளர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிறுவனமும் குறிப்பைத் திருத்தி, விடுபட்ட செய்திகளை மீண்டும் சேர்த்தது. மிட்டாயை நிறைப்பதோடு நினைவையும் நிறைத்துவைத்தல் பேணுவோரின் கடமை என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

8. கலைஞருக்குப் பின்னும் வாழும் கலை

1995-இல் நியூயார்க்கின் குகன்ஹைம் கலைக்கூடம் பெலிக்ஸின் படைப்புகளைக் கொண்டு பெரியதொரு காட்சியை நடத்தியது. அப்போது அவரும் அதே நோயால் நலிந்திருந்தார். 1996-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் மயாமி நகரில் தம் 38-ஆம் வயதில் அவர் மறைந்தார். எய்ட்ஸ் நோயாளரின் வாழ்நாளை நீட்டிக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலாக வரத் தொடங்கியதும் அதே 1996-ஆம் ஆண்டில்தான்.

2007-இல் இத்தாலியின் வெனிஸ் நகரக் கலைவிழாவில் அமெரிக்க நாட்டின் அரங்கம் முழுவதும் அவருடைய படைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. மறைந்த கலைஞர் ஒருவருக்கு அவ்வாறு அமெரிக்க அரங்கம் தரப்பட்டது அரிய நிகழ்ச்சியாகும். கியூபாவைச் சிறுவயதில் பிரிந்த ஒருவர், தாம் குடியேறிய நாட்டின் சார்பில் உலகின் முன் நின்றார்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா தொற்றால் கலைக்கூடங்கள் மூடப்பட்டிருந்தன. அப்போது அவருடைய மற்றொரு படைப்பு உலகின் பல பகுதிகளில் ஒரே காலத்தில் காட்சிக்கு வந்தது. உள்ளே சிறு தாளில் அச்சிட்ட வாசகத்தைக் கொண்ட 'பார்ச்சூன் குக்கி' என்னும் மடித்த பிஸ்கட்டுகளின் குவியல் அது. பெலிக்ஸ் 1990-இல் ஆக்கிய அப்படைப்பைத் தம் இல்லத்திலோ, தாம் விரும்பும் வேறோர் இடத்திலோ அமைக்குமாறு சுமார் ஆயிரம் பேர் அழைக்கப்பட்டனர். மே மாத இறுதி முதல் ஜூலைத் தொடக்கம் வரை அக்குவியல்கள் இருந்தன. இடையில் ஒருமுறை, குறைந்த குவியல்களை மீண்டும் தொடக்க அளவுக்கு நிறைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. படைத்தவர் மறைந்து 24 ஆண்டுகள் ஆன பின்னரும், முன்பின் அறியாத ஆயிரம் பேரின் கைகள் அவருடைய படைப்பை நிறைத்தன.

கல்லில் செதுக்கிய சிலை, தன்னை யாரும் பேணாவிடினும் நெடுங்காலம் நிற்கும். பெலிக்ஸின் குவியலுக்கு அத்தகைய வலிமை இல்லை. யாரேனும் ஒருவர் நினைவு வைத்துக்கொண்டு மிட்டாய் வாங்கிவந்து கொட்டினால்தான் அது மீண்டும் தோன்றும். பிறருடைய அக்கறையை நம்பியே அவர் தம் படைப்புகளை விட்டுச்சென்றார். அந்நம்பிக்கை இன்றுவரை பொய்க்கவில்லை.

சொல்லும் பொருளும்

கருத்துரு – மனத்தில் உருவாகும் எண்ண வடிவம்
சான்றிதழ் – உரிமையை உறுதிசெய்யும் ஆவணம்
கற்பாளம் – தட்டையான பெரிய கல்
புறக்கணிப்பு – ஒதுக்கிவைத்தல்
ஒத்திகை – நிகழ்வுக்கு முன் செய்யும் பயிற்சி
நலிதல் – வலிமை குன்றுதல்
பேணுதல் – காத்துப் போற்றுதல்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. பெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் பிறந்த ஊர் __________.
2. ராஸின் உருவப்படமாக அமைந்த குவியலுக்குக் குறிக்கப்பட்ட எடை __________ பவுண்டு.
3. 1992-இல் படுக்கையின் ஒளிப்படம் நியூயார்க்கில் __________ இடங்களில் வைக்கப்பட்டது.
4. பெலிக்ஸ் 1987-இல் சேர்ந்த கலைஞர் குழு __________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கருத்துருக்கலையில் முதன்மை பெறுவது எது?
2. கொசூத் ஆக்கிய படைப்பில் இடம்பெற்ற மூன்று யாவை?
3. பெலிக்ஸ் தம் பெற்றோரை எத்தனை ஆண்டுகள் பிரிந்திருந்தார்?
4. 2022-இல் பார்வையாளர் எதிர்ப்புத் தெரிவித்தமைக்குக் காரணம் என்ன?

இ. ஐந்து தொடர்களுக்கு மிகாமல் விடை எழுதுக.

1. இரு கடிகாரங்களைக் கொண்ட படைப்பு உணர்த்தும் உண்மையை விளக்குக.
2. தாளை எடுத்துச் செல்பவர் படைப்புக்குப் பொறுப்பாளர் ஆவது எவ்வாறு?
3. 'தலைப்பில்லாதது' என்னும் பெயரும் அடைப்புக்குறிச் சொற்களும் ஒன்றுக்கொன்று எவ்வாறு துணைபுரிகின்றன?

ஈ. ஒரு பக்க அளவில் எழுதுக.

மிட்டாய்க் குவியல் ஒரு மனிதரின் உருவப்படம் ஆகுமா? ஆகும் என்பதற்கோ ஆகாது என்பதற்கோ பாடத்திலிருந்து சான்று காட்டி உம் கருத்தை நிறுவுக.

உ. மொழிப்பயிற்சி

1. பிரித்து எழுதுக: தாளடுக்கு, பொருளில்லை, கண்முன்னே, வெண்ணிறம்.

2. 'செல்லச் செல்ல', 'மீண்டும் மீண்டும்' என்பன அடுக்குத்தொடர்கள். பாடத்திலிருந்து மற்றோர் அடுக்குத்தொடரை எடுத்தெழுதுக. மூன்றையும் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.

3. பின்வருவனவற்றுள் பெயரெச்சம் எது, வினையெச்சம் எது எனக் காண்க: குறைந்த குவியல், எடுத்துச் சென்றார், மறைந்த கலைஞர், பிரித்து உண்டனர்.

ஊ. செயல்பாடு

உமக்கு நெருக்கமான ஒருவரை நினைத்துக்கொள்க. அவருடைய முகத்தையோ பெயரையோ பயன்படுத்தாமல், அன்றாடப் பொருள் ஒன்றைக் கொண்டு அவருடைய உருவப்படத்தை அமைக்க வேண்டும். எப்பொருளைத் தேர்வீர், எவ்வளவு வைப்பீர், காண்பவர் அதனை என்ன செய்யலாம் என்பவற்றைக் குறிப்பாக எழுதுக. அடைப்புக்குறிக்குள் வைக்க ஒரு தொடரையும் அமைக்க. உம் குறிப்பை மட்டும் படித்து வகுப்புத் தோழர் ஒருவர் அப்படைப்பை அமைக்க இயல வேண்டும்.